திருகாணி மகாசபையாருக்கு ஒரு விண்ணப்பம்

மகாகனம் பொருந்திய சபையோர்களே,

உலகத்துத் திருகாணிகள் அனைத்துக்கும் விட்டம் இவ்வளவு, மரை இவ்வளவு என்று விதி வகுத்து, அவ்விதிகளை விலை கொடுத்து வாங்கிப் படிக்கும் பாக்கியத்தையும் எங்களுக்கு அருளியிருக்கும் தங்கள் சமூகத்துக்கு, பிரேக் நிப்பிள் ஒடிந்த பழைய கார் ஒன்றின் சொந்தக்காரனாகிய அடியேன் அனேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்வது.

தாங்கள் சிறிய வஸ்துக்களைக் கவனிக்க அவகாசமில்லாதவர்கள் என்பதால், நிப்பிள் இன்னதென்று விண்ணப்பித்துக்கொள்கிறேன். காலிபரிலோ வீல் சிலிண்டரிலோ திருகப்பட்டு, பிரேக் ஆயிலில் புகுந்துவிட்ட காற்றை வெளியேற்றுவதற்காக உள்ளே துளையிடப்பட்ட சின்னஞ்சிறு ஆணி அது. நாம் மிதிக்கிற பலத்தை ஆயில் சிந்தாமல் சிதறாமல் சக்கரத்திடம் கொண்டு சேர்க்கும். காற்றோ தானே சுருங்கிக்கொண்டு மிதியைத் தரைவரை விட்டுக்கொடுத்துவிடும். ஆகையால் காரில் போகிறவனுடைய ஆயுசு ஜோசியர் கணக்கைக் காட்டிலும் இந்த ஆணியையே அதிகம் நம்பியிருக்கிறது.

ஒடிந்த நிப்பிளுக்கு மாற்று வாங்கப் போன புதுப்பேட்டையில் ஒரு கடைக்காரர், "என்ன வண்டி, எந்த வருஷம்?" என்றார். சொன்னேன். "முன் சக்கரமா, பின் சக்கரமா சார்?" என்றார். அதையும் சொன்னேன். "மரை என்ன?" என்றார். அதை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் நான் போயிருந்தேன். வண்டியோடு வந்த புஸ்தகத்தில், நிப்பிளை எவ்வளவு பலம் கொண்டு இறுக்கவேண்டும் என்று பரம சிரத்தையுடன் அச்சிட்டிருக்கிறார்களே தவிர, எதை இறுக்குவது என்பதை வாசகனுடைய ஞானதிருஷ்டிக்கு விட்டுவிட்டார்கள். கடைக்காரர் டப்பாவைக் கவிழ்த்தார்: 6 மில்லிமீட்டர், 7 மில்லிமீட்டர், 8-க்கு 1.25 மரை, 10-க்கு 1, அதே 10-க்கு 1.5, போதாக்குறைக்கு கால் இஞ்சுக்கு 28 மரை, 3/8 இஞ்சுக்கு 24. எல்லாம் தங்கள் குழந்தைகள். அல்லது தங்கள் முன்னோர்களுடையவை.

அந்த முன்னோர்களையும் ஸ்மரிக்கிறேன். 1841-இல் இங்கிலாந்தில் விட்வொர்த் துரை மரைக்கு 55 பாகைக் கோணம் என்றார். 1864-இல் பிலடெல்பியாவில் செல்லர்ஸ் என்பவர், இல்லை, 60 என்றார். இந்த ஐந்து பாகை வித்தியாசத்தை இரு தேசத்தாரும் கௌரவப் பிரச்சினையாகப் பேணிவந்து, மகாயுத்தத்தில் ஒருவர் ஆணி மற்றவர் யந்திரத்தில் ஏறாமல் திண்டாடிய பிற்பாடு, 1948-இல் கனடாவையும் சேர்த்துக்கொண்டு 60-க்கு ஒப்புக்கொண்டார்கள். மெட்ரிக்காரர்களுக்கும் அதே 60. கோணம் ஒன்றாகிவிட்டது, சந்தோஷம். அதனால்தான் ஆபத்து வந்தது.

3/8 இஞ்சு என்பது 9.525 மில்லிமீட்டர், இஞ்சுக்கு 24 மரை என்றால் மரைக்கு மரை இடைவெளி 1.058. இதை 10-க்கு 1 என்ற துவாரத்தில் வைத்துத் திருகிப் பாருங்கள்: கொஞ்சம் தளர்வாக இருந்தாலும் இணக்கமாகவே உள்ளே போகும். ஜாதகம் பாராமல் முடித்த சம்பந்தம்போல முதல் இரண்டு சுற்றுக்கு ஒரு குறையும் தெரியாது. அடைப்பதென்னவோ நுனியிலுள்ள கூம்புதான். ஆனால் அக்கூம்பை அழுத்திப் பிடித்திருக்கவேண்டிய மரை, மலைச்சரிவில் ஓங்கி மிதிக்கும் தருணத்தில் கைவிட்டால், விதியை நொந்துகொள்வதா, தங்கள் விதிகளை நொந்துகொள்வதா? நிப்பிளின் அளவை வாயால் சொல்லிவிடாமல், அதை வெர்னியரும் த்ரெட் கேஜும் வைத்து அளந்து கொடுத்த அந்தக் கடைக்காரர், தங்கள் சபையில் ஆசனம் பெறத் தகுதியுள்ளவர் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

சாதாரண போல்ட்டுகளின் தலையில் அவற்றின் வலிமையை 8.8 என்று பொறிக்க ஏற்பாடு செய்த தாங்கள், நிப்பிளிலும் அளவைப் பொறிக்கக் கட்டளையிடலாகாதா? அதன் உடம்பில் இடமில்லையென்றும், மேலே மாட்டும் ரப்பர் தொப்பியில் பொறித்தால் போதுமென்றும் தங்களில் ஒருவர் யோசனை கூறக்கூடும். என் காரில் அந்தத் தொப்பி இருந்திருக்குமானால், தண்ணீர் இறங்கி நிப்பிள் துருப்பிடித்திராது, ஸ்பேனர் பட்டதும் ஒடிந்திராது, தங்களுக்கு இக்கடிதமும் வந்திராது.

இங்ஙனம்,
தங்கள் சகல அளவுகளுக்கும் கீழ்ப்படிந்த,
கார்க்காரன்