முதலில் கால்குலஸ், மற்றதெல்லாம் அப்புறம்

கே: கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்திருக்கிறான் என் பையன். இரண்டே வருஷத்தில் யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாவுக்கு (யூ.சி.) மாறி கெமிக்கல் இன்ஜினீயரிங் படிக்கலாமா?
– ஒரு அம்மா, ஃப்ரீமான்ட்

ப: முதல் செமஸ்டரிலேயே கால்குலஸில் உட்கார்ந்தால் படிக்கலாம். கால்குலஸ் மூன்று, அதற்கு மேல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ். ஒன்றை முடிக்காமல் அடுத்ததில் பெரும்பாலும் சேர்க்கமாட்டார்கள். நாலு செமஸ்டர் தீர்ந்தது. ஜெனரல் கெமிஸ்ட்ரி இரண்டு, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி இரண்டு, அதற்கும் நாலு. பிசிக்ஸோ கால்குலஸின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும். பிரீகால்குலஸில் ஆரம்பித்தால் கோடை விடுமுறையைப் பலி கொடுக்க வேண்டும், இல்லையென்றால் மூன்றாவது வருஷம். மாநிலவாசிகளுக்கு யூனிட்டுக்கு 46 டாலர்தான் கட்டணம்; மூன்றாவது வருஷத்தில் குடி முழுகிவிடாது.

கே: காலேஜ் கவுன்சிலர் பொதுப் பாடங்களை முதலில் முடிக்கச் சொல்கிறாரே?

ப: பையன் வரலாறு படிக்கப் போகிறான் என்றால் அருமையான யோசனை. இன்ஜினீயரிங்குக்கு மேஜர் பாடங்கள்தான் முக்கியம். ஆங்கிலக் கட்டுரைப் பாடம் இரண்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், அதில் யூ.சி. கறார். உலக இசையில் 'ஏ' வாங்கியதற்குப் பாட்டி சந்தோஷப்படுவார். ஆர்கானிக் இல்லையே என்று அட்மிஷன் கமிட்டி கேட்கும்.

கே: எந்தப் பாடத்தை எந்த யூ.சி. கேம்பஸ் ஏற்கும் என்று யாரைக் கேட்பது?

ப: வாட்ஸ்அப் குழுவை அல்ல. 'அசிஸ்ட்' என்று மாநிலத்தின் அதிகாரபூர்வத் தளம் இருக்கிறது. உங்கள் காலேஜ், போக வேண்டிய கேம்பஸ், மேஜர் மூன்றையும் கொடுத்தால் இடப்பக்கம் அவர்கள் பாடம், வலப்பக்கம் உங்கள் பாடம். வலப்பக்கத்தில் 'நோ கோர்ஸ் ஆர்ட்டிகுலேட்டட்' என்று வந்தால் உங்கள் காலேஜில் அதற்கு ஈடு கிடையாது. பக்கத்து ஊர் காலேஜில் தேடுங்கள். ஆனால் ஆர்கானிக் முதல் பாதியை இங்கே, மறுபாதியை அங்கே என்று பிய்க்காதீர்கள். பெர்க்லிக்கு இன்னொரு சங்கதி: அங்கே கெமிக்கல் இன்ஜினீயரிங்கை இன்ஜினீயரிங் காலேஜில் தேடினால் கிடைக்காது, அது காலேஜ் ஆஃப் கெமிஸ்ட்ரியில் இருக்கிறது.

கே: 'டேக்' (டிரான்ஸ்ஃபர் அட்மிஷன் கேரன்டி) போட்டால் இடம் உறுதியாமே?

ப: ஆறு கேம்பஸ்களில். உங்கள் பையன் கனவு காணும் பெர்க்லி, யூ.சி.எல்.ஏ., சான் டியாகோ மூன்றும் அந்த ஆறில் இல்லை. மற்ற இடங்களிலும் மேஜருக்கு மேஜர் விதி மாறும்.

கே: மாறிய பிறகாவது இரண்டு வருஷத்தில் டிகிரி வாங்கிவிடலாமா?

ப: அதை 'மெட்டீரியல் அண்ட் எனர்ஜி பாலன்ஸ்' என்ற ஒரு பாடம் தீர்மானிக்கும். உள்ளே எவ்வளவு போனது, வெளியே எவ்வளவு வந்தது, நடுவில் எவ்வளவு தங்கியது: மளிகைக் கடை இருப்புக் கணக்குதான், கொஞ்சம் சூடாக. இதைத் தாண்டாமல் ரியாக்டர் பக்கமே விடமாட்டார்கள். பெரும்பாலான கம்யூனிட்டி காலேஜ்களில் இது கிடையாது, யூ.சி. பிள்ளைகளோ இரண்டாம் வருஷத்திலேயே முடித்திருப்பார்கள். எனவே விண்ணப்பிக்கும் முன்பே அந்தந்தத் துறைக்கு ஒரு மெயில் தட்டி, மாறி வருகிறவர்களுக்கு அதை எப்போது நடத்துகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். ஹாஸ்டலில் ஏசி உண்டா என்பதை அப்புறம் கேட்கலாம்.