சாமுராயை எழுப்புவது எப்படி? சுவா சூ காங்வாசிகளுக்கு ஒரு கையேடு

சுவா சூ காங்கில் வீவக வீடு வைத்திருக்கும் நாற்பதைத் தாண்டிய ஆண் என்றால், பாம் ஷெல்டருக்குள் ஓர் அட்டைப்பெட்டி நிச்சயம் இருக்கும். மடிக்காத சைக்கிளுக்கும் தீபாவளி விளக்குகளுக்கும் பின்னால். அதற்குள் பழைய சிடிக்கள், அவற்றில் ஒன்று சாமுராய் விளையாட்டு. “இதைத் தூக்கிப் போட்டுடவா?” என்று மனைவி கேட்கும் அந்த நொடியில்தான், இதை இன்றைய கணினிகளுக்கு ஏற்றபடி சரிசெய்து மறுபடி வெளியிட வேண்டும் என்ற லட்சியம் பிறக்கிறது. பிறக்கட்டும். லட்சியம் பிறக்காதவர்கள் லாட் ஒன் கடைத்தொகுதிக்குப் போய்ப் படம் பார்க்கலாம். இந்தக் கட்டுரை அவர்களுக்கு இல்லை.

முதலில் சிடியைப் பாருங்கள். மேலே மார்க்கர் பேனாவால் பெயர் எழுதியிருந்தால், தேக்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில், சிம் லிம் ஸ்குவேர் பக்கம் வாங்கியதாக இருக்கும். அந்தக் காலத்தில் அங்கே என்ன கிடைத்தது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உரிமை கேட்டு நிறுவனத்துக்கு எழுதும்போது “சிறுவயது முதலே உங்கள் வாடிக்கையாளன்” என்ற வரியை மட்டும் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது, யாருக்கு எழுதுவது? இங்கேதான் பலரும் வாளைக் கீழே போடுகிறார்கள். உதாரணத்துக்கு, ‘த்ரோன் ஆஃப் டார்க்னஸ்’ என்று 2001ல் ஒரு விளையாட்டு வந்தது. ஏழு சாமுராய்கள், ஒரே நேரத்தில் நான்கு பேரைக் களத்தில் இறக்கலாம், மற்றவர்கள் பிரபுவிடம் போய்க் காயத்தை ஆற்றிக்கொள்வார்கள். உருவாக்கியது கிளிக் என்டர்டெயின்மென்ட். ‘டயாப்ளோ’ வந்த பட்டறையில் இருந்தவர்கள் வெளியேறித் தொடங்கியது. வெளியிட்டது சியரா. இனி சியராவின் வம்சாவளி. 1979ல் கென், ராபர்ட்டா வில்லியம்ஸ் தம்பதி தொடங்கினார்கள். 1996ல் சியூசி என்ற கம்பெனி வாங்கியது. அடுத்த வருடம் அது இன்னொன்றோடு சேர்ந்து சென்டன்ட் ஆனது. 1998ல் சியூசியின் கணக்குப் புத்தகத்தில் பெரிய மோசடி என்று தெரிந்து ஊரே நாறியது. விளையாட்டுப் பிரிவை பிரான்சின் அவாஸ் வாங்கியது, அதற்கு மேலே விவெண்டி. 2008ல் விவெண்டியின் விளையாட்டுப் பிரிவு ஆக்டிவிஷனோடு சேர்ந்தது. 2023 அக்டோபரில் ஆக்டிவிஷனை மைக்ரோசாப்ட் வாங்கிவிட்டது. தஞ்சாவூர்ப் பக்கம் தாத்தா விட்டுப்போன ஒரு மா நிலத்துக்குப் பட்டா மாற்ற அலைந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. அங்கே சித்தப்பா கையெழுத்துப் போட மாட்டார். இங்கே சித்தப்பா யார் என்றே தெரியாது.

சோர்ந்துவிட வேண்டாம், வெற்றிக் கதையும் உண்டு. ஸ்டீஃபன் கிக் என்ற அமெரிக்கர் குவாத்தமாலாவில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தபோது ‘சிஸ்டம் ஷாக் 2’ விளையாட நினைத்தார். மடிக்கணினியில் அது ஓடவில்லை. உரிமை யாரிடம் என்று தேடிப் போனால், அது ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் கிடந்தது. அவர்களோடு பேசி முடித்து 2013 பிப்ரவரியில் மறுபடி வெளியிட்டார். நைட்டைவ் ஸ்டூடியோஸ் பிறந்தது அப்படித்தான். ஆகவே உங்கள் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் அடுத்த முறை கோப்பி வாங்கித் தரும்போது, பாலிசியைப் பற்றி மட்டும் பேசாதீர்கள்.

நீங்கள் அனுப்பிய கடிதத்துக்குப் பதில் வராது. மௌனம் சம்மதமா? இதற்குச் சிங்கப்பூரிலேயே விடை இருக்கிறது. கிரியேட்டிவ் நிறுவனத்தைத் தொடங்கிய சிம் வோங் ஹூ 1999ல் எழுதிய புத்தகத்தில் ‘நோ யூ-டர்ன் சிண்ட்ரோம்’ என்று நம் ஊர் நோய் ஒன்றுக்குப் பெயர் வைத்தார். வேறு ஊர்களில் திரும்பக்கூடாது என்று பலகை இல்லாவிட்டால் வண்டியைத் திருப்பலாம். இங்கே திரும்பலாம் என்று பலகை இருந்தால்தான் திருப்பலாம். வேறு நாட்டு ரசிகர்கள் பதில் வராததைப் பச்சை விளக்காக எடுத்துக்கொண்டு வேலையில் இறங்கிவிடுவார்கள். சுவா சூ காங்காரர் பலகைக்காகக் காத்திருப்பார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நோயாளி பக்கம்தான் நியாயம். 2021ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் உங்கள் பால்யத்தைப் பற்றி விசாரிக்காது.

பலகை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். “மூல நிரல் அனுப்புங்கள்” என்று கேளுங்கள். அனுப்ப மாட்டார்கள், ஏனென்றால் இருக்காது. ‘சைலண்ட் ஹில்’ தொகுப்பை 2012ல் மறுபடி கொண்டுவந்தபோது, கொனாமி போன்ற பெரிய கம்பெனியிடமே இறுதி வடிவத்தின் நிரல் முழுதாக இல்லை. அரைகுறையாகக் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றினார்கள், பழைய பிழைகளும் புதிய பிழைகளும் சேர்ந்து வந்தன.

நிரல் இல்லாமலே ஓடவைக்க வேண்டுமா? சிடியைச் செருகியதும் தெரியும், நிறுவும் செயலியே திறக்காது. அந்தக் காலத்து நிறுவிகள் பல 16 பிட் காலத்தவை. இன்றைய 64 பிட் விண்டோஸ் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதைத் தாண்டினால் சிடி பூட்டு. சேஃப்டிஸ்க் பூட்டுப் போட்ட விளையாட்டுகளை விண்டோஸ் 10 கைகழுவிவிட்டது, காசு கொடுத்து வாங்கிய அசல் சிடியானாலும் சரி. திருட்டு சிடிக்காரனுக்கு இந்தத் தொல்லை இல்லை என்பதை இங்கே வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

அப்புறம் வேகம். பழைய விளையாட்டுகளில் பல, திரையில் ஒரு படம் வரைவதையே ஒரு கணமாக எண்ணும். கணினி வேகமானால் படங்கள் கூடும், காலமும் கூடவே ஓடும். சாமுராய் வாளை உருவுமுன் செத்திருப்பார். பழைய பிழைதானே என்று நினைக்காதீர்கள். 2014ல் கணினிக்கு வந்த ‘டார்க் சோல்ஸ் 2’ல் வாள்கள் இரண்டு மடங்கு வேகத்தில் தேய்ந்தன. காரணம், அங்கே நொடிக்கு 60 படங்கள், முதலில் வந்த கன்சோலில் 30. எதிரியின் உடலில் வாள் எத்தனை படங்கள் பதிந்திருந்தது என்று எண்ணித் தேய்மானம் போட்டிருந்தார்கள்.

சத்தம் வரவில்லையா? இதில் நமக்குச் சொந்தப் பொறுப்பு உண்டு. 1989ல் சவுண்ட் பிளாஸ்டர் அட்டையை உலகுக்குக் கொடுத்து, பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்த கணினியைப் பேசவைத்தவர் அதே சிம் வோங் ஹூதான். அவர் படித்த புக்கிட் பாஞ்சாங் அரசினர் உயர்நிலைப் பள்ளி இப்போது இருப்பது சுவா சூ காங் அவென்யூ 4ல். அவருடைய நிறுவனத்தின் ஈஏஎக்ஸ் நுட்பம் குகைக்குள் வாள் மோதினால் குகைக்குள் மோதிய மாதிரியே எதிரொலிக்க வைத்தது. 2007ல் விண்டோஸ் விஸ்டா வந்தது, ஒலி அட்டையை நேராகத் தொடும் வழியை அடைத்தது, எதிரொலி போயிற்று. பிறகு கிரியேட்டிவே ஆல்கெமி என்று ஒரு மாற்று மென்பொருள் கொடுத்தது. அதைப் போட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி கதவைத் தட்டினால் சரியாக வேலை செய்கிறது என்று பொருள்.

படத்துக்கு வருவோம். காப்காமின் ‘ஒனிமுஷா’ 2001ல் வந்தபோது கோட்டையும் மூங்கில் காடும் முன்கூட்டியே வரைந்து வைத்த படங்கள், பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் 4:3 அளவில். 2019 ஜனவரியில் கணினிக்குக் கொண்டுவந்தபோது திரை அகலமாகிவிட்டது, வரைந்த கோட்டை அகலமாகவில்லை. இழுத்தால் கதாநாயகன் சமானோசுகே இட்லி மாதிரி பரந்துவிடுவார். அதனால் மேலும் கீழும் வெட்டி, அவர் நடக்க நடக்கப் படத்தையும் மெல்ல நகர்த்தினார்கள். பழைய 4:3 வேண்டுமென்றால் அதற்கும் மாற்றிக்கொள்ளலாம். நல்ல கைவேலை, பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். அதன் இசைக்கு வேறு கதை. முதல் பதிப்பில் இசையமைப்பாளராகப் போட்டிருந்த மமோரு சமுராகோச்சிக்கு, நீகாக்கி என்பவர் 18 வருடமாக மறைவில் எழுதிக்கொடுத்து வந்தார் என்று 2014ல் ஜப்பானே அதிர்ந்தது. 2019 பதிப்பில் இசையையே புதிதாகப் போட்டார்கள். எனவே பாட்டுக்காரர் யார் என்று இரண்டு தடவை கேளுங்கள்.

இந்நேரம் உங்களுக்குள் இருக்கும் தமிழன் விழித்திருப்பான். தமிழில் வசனம் போட்டால் என்ன? போடுங்கள். 2001ஆம் ஆண்டு இயந்திரம் ஒரு குறியீட்டுக்கு ஒரு வடிவம் என்று இடமிருந்து வலமாக அடுக்கும். ‘போர்’ என்று கொடுத்தால், ‘ப’வுக்கு முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக் கொம்பு பின்னால் போய் நிற்கும். எழுத்தாளர் நா. கோவிந்தசாமி முன்னின்று 1997ல் இங்கே தமிழ்நெட் மாநாடு கூட்டியபோது அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொண்டது இதே கொம்போடும் காலோடும்தான். அவர்கள் உலகத்துக்காகத் தீர்த்ததை உங்கள் சாமுராய்க்காக மறுபடி தீர்க்க வேண்டும். சுருக்கு வழி, எழுத்துகளைப் படமாக ஒட்டிவிடுவது. தமிழாசிரியர் யாரிடமும் சொல்லாதீர்கள்.

தணிக்கையில் ரத்தத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலை வேண்டாம். 2007ல் ‘மாஸ் எஃபெக்ட்’ இங்கே தடைபட்டது துப்பாக்கியால் அல்ல, ஒரு பெண்ணும் வேற்றுக்கிரகப் பெண்ணும் நெருங்கிய காட்சியால். சில நாளில் எம்18 முத்திரையோடு விட்டார்கள், அடுத்த வருடம் தரப்படுத்தும் முறையே வந்துவிட்டது. தலைகள் உருளலாம். காதல் காட்சியை மட்டும் அளவோடு வையுங்கள்.

கடைசியாக விற்பனை. ஸ்டீம் என்ற இணையக் கடையில் ஒரு விளையாட்டைப் போட 100 அமெரிக்க வெள்ளி கட்ட வேண்டும். அது பிரச்சினையில்லை. வாங்கியவர் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்; பிரச்சினை அங்கேதான். நம் காலத்து விளையாட்டுகளில் பிரபு சபதம் எடுத்து, மூடுபனி விலகி, கிராமத்துக் கிழவர் சாபக்கதை சொல்லி முடித்து முதல் அரக்கன் தலைகாட்டவே வெகுநேரம் பிடிக்கும். இளைஞர்கள் முனகுவார்கள், சோதித்துப் பார்க்கும் மருமகன்கூட “மாமா, இதை ஸ்கிப் பண்ண ஒரு பட்டன் வைங்க” என்பான். வைக்காதீர்கள். முடிந்தால் கிழவரை இன்னும் கொஞ்சம் மெதுவாகப் பேசவையுங்கள்.