கேஸ் சிலிண்டரும் கருதுகோளும்

தெருக்கோடி வீட்டுப் பெண் போன வாரம் ஒரு விண்ணப்பப் படிவத்தோடு வந்தாள். எம்.ஏ. தமிழ் முடித்து, நெட் எழுதி, ஜே.ஆர்.எஃப். உதவித்தொகையும் வாங்கியவள். “அக்கா, நீங்க பிஎச்.டி. முடிச்சவங்க. முடிக்க என்னென்ன வேணும்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்” என்று பேனாவைத் திறந்தாள்.

சட்டத்தில் இருப்பதை முதலில் சொன்னேன். பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் புது விதிமுறை போட்டது. குறைந்தது 3 ஆண்டு, கூடிப்போனால் 6. மறுபதிவு செய்தால் இன்னும் 2, பெண்களுக்கு அதற்கு மேலும் 2. பிள்ளைப்பேறு, பிள்ளை வளர்ப்பு என்று 240 நாள் விடுப்பு உண்டு. கோர்ஸ் ஒர்க் 12 கிரெடிட்டுக்குக் குறையக் கூடாது. தீசிஸ் கொடுத்த நாளிலிருந்து ஆறே மாதத்தில் வைவா நடத்தி முடிவையும் அறிவித்துவிட வேண்டும். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

“இவ்வளவுதானாக்கா?”

இவ்வளவுதான். மற்றதெல்லாம் எழுதாத சட்டம். அதைப் படித்து முடிக்கத்தான் ஆறு வருடம்.

நான் பதிவு செய்த மூன்றாம் நாள் கைடு வீட்டுக்கு வரச் சொன்னார். தலைப்பைப் பற்றிப் பேசப்போகிறார் என்று புது நோட்டு வாங்கிக்கொண்டு போனேன். வாசலில் காலி கேஸ் சிலிண்டர் ஒன்று நின்றது. “வாம்மா, நல்ல நேரத்துக்கு வந்தே. சிலிண்டர்காரன் வர்ற நேரம். இருந்து வாங்கி வச்சிரு. நாங்க ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்துடுறோம்.” திண்ணையில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் கருதுகோளைப் பற்றி யோசித்தேன். சிலிண்டர் வந்தது. சாயங்காலம் அவர்களும் வந்தார்கள். கையில் தாம்பூலப் பையைக் கொடுத்து அனுப்பினார். அதிலிருந்த தேங்காய்தான் எனக்குக் கிடைத்த முதல் ஆய்வு வழிகாட்டுதல்.

பேராசிரியர் எட்டுப் பேரையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப் பேராசிரியர் நான்கு பேரையும் ஒரே நேரத்தில் வழிநடத்தலாம் என்பது விதி. ஒரு மனிதரின் அறிவு எத்தனை பேருக்குத் தாங்கும் என்று அளந்து வைத்த கணக்கு என்றுதான் நினைத்திருந்தேன். உள்ளே போன பிறகு புரிந்தது, அது பதவிக்கேற்ற வீட்டு ஆள்பலம். மூத்த ஸ்காலர் கார் ஓட்டுவார். அடுத்தவருக்கு பேங்க்கும் ஈ.பி. பில்லும். இன்னொருவர் விடைத்தாள் திருத்துவார், கையெழுத்து மட்டும் கைடுடையது. பையனுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கத் தமிழ்த்துறையில் ஆள் இல்லை என்பதால் பக்கத்துத் துறையிலிருந்து ஒருவரைக் கடன் வாங்குவார்கள். பல்துறை ஆய்வு என்பது அதுதான்.

“எனக்குத்தான் ஜே.ஆர்.எஃப். இருக்கே” என்றாள். இருக்கிறது. 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். ஆனால் அந்தப் பணம் வர வேண்டுமென்றால் மாதாமாதம் உறுதிச் சான்றில் கைடு கையெழுத்துப் போட வேண்டும். அவர் பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு, மூடியைத் திறக்காமல், “வீட்ல வாஷிங் மெஷின் மக்கர் பண்ணுதும்மா” என்பார். உனக்குக் குறிப்பால் உணரும் ஆற்றல் வேண்டும். குறிஞ்சியும் முல்லையும் படித்த பிள்ளைக்கு உள்ளுறை புரியாமலா போகும்?

கருத்துத் திருட்டைப் பிடிக்க 2018-இல் தனி விதிமுறையே வந்தது. ஒப்புமை 10 விழுக்காடு வரை குற்றமில்லை. 40 வரை போனால் திருத்திக் கொடுக்கலாம். 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. கேட்க எவ்வளவு கறாராக இருக்கிறது! என்னோடு இருந்த ஒருவருக்கு பூஜ்யம் வந்தது. பாமினி எழுத்துருவில் அடித்த தீசிஸ் அது. அந்த எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்தால் கணினிக்குத் தெரிவது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். அந்தக் கோலத்தை உலகத்தில் வேறு எவரும் எழுதியிருக்க மாட்டார்கள் அல்லவா, மென்பொருள் பாராட்டிச் சான்றிதழ் கொடுத்துவிட்டது. இன்னொரு திருட்டும் உண்டு. நான் எழுதிய கட்டுரையில் என் பெயர் இரண்டாவதாக வந்தது. முதல் பெயருக்குரியவர் அதை அச்சில்தான் முதல்முறை பார்த்தார், அதுவும் தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று. அதைப் பிடிக்கும் மென்பொருளை மட்டும் இன்னும் யாரும் எழுதவில்லை.

கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்று 2016-இல் சொன்னார்கள். 2022-இல் அந்தக் கட்டாயத்தை எடுத்தார்கள். எந்த இதழ் நல்ல இதழ் என்று சொல்ல ‘கேர்’ பட்டியல் போட்டு, 2025 பிப்ரவரியில் அதையும் மூடினார்கள். பட்டியல் போய்விட்டது. பணம் கட்டினால் நாலே நாளில் ‘சர்வதேச’ இதழில் போட்டுத் தரும் புண்ணியவான்கள் மட்டும் போகவில்லை.

240 நாள் விடுப்பை அவள் பெரிதாக எழுதிக் கோடு போட்டு வைத்திருந்தாள். சேரும் அன்றைக்கே கேட்பார்கள்: “கல்யாணம் ஆயிடுச்சா? குழந்தை ஏதும் பிளான் இருக்கா? பசங்களை எடுத்தா இந்தத் தொல்லை இல்ல.” இன்னொன்றும் இருக்கிறது. அத்தியாயம் திருத்த ஞாயிற்றுக்கிழமை துறைக்கு வரச் சொல்வார்கள். அறைக்கதவைத் திறந்தே வை, கூட ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போ என்றேன். அவள் அதை எழுதிக்கொள்ளவில்லை, என்னையே பார்த்தாள். இந்த ஒன்றை எனக்குக் கிண்டலாகச் சொல்ல வராது.

வைவாவுக்கு வருவோம். பொது வாய்மொழித் தேர்வு என்று பெயர். யார் வேண்டுமானாலும் வந்து கேள்வி கேட்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள், பிரியாணி ஆறிவிடும். அன்றைய செலவுக் கணக்கு நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன். சிலிண்டருக்குக் காத்திருந்தபோது கையிலிருந்த அதே நோட்டு. வெளித்தேர்வாளரான எக்ஸ்டர்னலுக்கு ஏ.சி. ரூம், கார். மீனாட்சியைத் தரிசிக்க அவர் வீட்டம்மாவும் கூட வந்ததால் ஒரு புடவை, சிறப்புத் தரிசனச் சீட்டு. சால்வை பதினொன்று. சாப்பாடு அறுபது பேருக்கு. அப்புறம் கவர். கவரில் எவ்வளவு என்று கைடு சொல்லவே மாட்டார். “போன தடவை அந்தப் பையன் நல்லா செஞ்சான்” என்பார். அம்மாவின் இரண்டு வளையல் அந்த ஒரு வாக்கியத்தில் போயின. அடகுச்சீட்டை மட்டும் தீசிஸின் பின்னிணைப்பில் சேர்க்கவில்லை.

நன்றியுரையில், ‘தாயுள்ளத்தோடு உணவளித்த நெறியாளரின் துணைவியாருக்கு’ என்று எழுதினேன். அங்கே பரிமாறியதும் நான், பாத்திரம் கழுவியதும் நான். ஆய்வேடு சோத்கங்கா தளத்தில் ஏறிவிட்டது. காந்திநகரிலிருந்து நடத்துகிறார்கள், உலகமே இலவசமாக இறக்கிப் படிக்கலாம். என் ஆய்வு முடிவுகளை நாளை எவராவது மறுக்கக்கூடும். அந்தப் பொய்யை மறுக்க ஒருவரும் வரமாட்டார்கள்.

2024 அக்டோபரில் கோவையில் ஒரு பட்டமளிப்பு விழா மேடையிலேயே, பட்டம் வாங்க வந்த ஆய்வாளர் ஒருவர் ஆளுநர் கையில் மனுவைக் கொடுத்தார். நெறியாளர்கள் வீட்டு வேலை வாங்குகிறார்கள், பணம் கேட்கிறார்கள் என்று. நாடே அதிர்ச்சியடைந்ததாகச் செய்தி வந்தது. யார் அந்த நாடு? துறைத்தலைவருக்குத் தெரியாதா? கவரை வாங்கிப் பைக்குள் வைத்த எக்ஸ்டர்னலுக்குத் தெரியாதா? அவரும் ஒரு காலத்தில் யாருக்கோ சிலிண்டர் தூக்கியவர்தானே! ஏன், எனக்குத் தெரியாதா? கைகூப்பி நின்று பதினோரு சால்வை போர்த்தியவள் நான். அந்தப் பிள்ளைகூடப் பட்டம் கைக்கு வரும் நாள்வரை பொறுத்திருந்துதான் வாயைத் திறக்க முடிந்தது. ஆறு வருடம் வாயைத் திறக்காமல் இருப்பவருக்கு ‘தத்துவ அறிஞர்’ என்று பட்டம் கொடுக்கிற ஊர் இது.

இத்தனைக்கும் பிறகு நான் அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். 50,000 வரை கொடுக்கலாம் என்று மானியக் குழு 2019-இல் சொன்னது. என் கைக்கு வருவது 25,000. மே மாதம் அதுவும் இல்லை. மிச்சத்துக்குத்தான் கௌரவம்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் படிவத்தைக் கிழிப்பாள் என்று நினைத்தேன். பேனா மூடியைக் கடித்தபடி கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“எனக்கு ஸ்கூட்டி ஓட்டத் தெரியும்க்கா. போதுமா, இல்ல காரும் பழகணுமா?”