சிட்னியில் சிக்கனமாகத் தங்குவது எப்படி? செவ்வாப்பேட்டைக்காரருக்குச் சில யோசனைகள்

நம் வட்டாரத்தில் சல்லிக்காசு கொடுக்காமல் அறை பிடித்த முதல் ஆள் திருவள்ளூர் வீரராகவப் பெருமாள். கிழவர் வேடத்தில் வந்தார். சாலிஹோத்திர முனிவர் விரதம் முடித்துச் சாப்பிட வைத்திருந்த மாவில் பங்கு கேட்டார், பங்கு பற்றாமல் முழுவதையும் தின்றார், பிறகு "படுக்க எவ்வுள்?" என்றார் என்பது தலபுராணம். முனிவர் தன் குடிசையையே காட்டினார். படுத்தவர் படுத்தவர்தான், இன்னும் எழுந்தபாடில்லை. சாப்பாடு, அறை, நாள் கணக்கில்லாத தங்கல் மூன்றும் இனாம். ஆஸ்திரேலியாவில் இந்தத் திட்டம் நடைமுறையில் இல்லாததால் கீழ்க்கண்ட யோசனைகள் தேவைப்படுகின்றன.

முதல் வேலையாக, சொந்தக்காரர் வீட்டு விவகாரத்தைப் பேசி முடியுங்கள். சிட்னியில் எனக்கு யாருமில்லை என்று சொல்லாதீர்கள். விசா விண்ணப்பம் போட்ட செய்தி பரவியதும் டூங்காபியிலோ வென்ட்வொர்த்வில்லிலோ பெண்டில் ஹில்லிலோ ஒருவர் முளைத்துவிடுவார். "என்ன சித்தப்பா, நாங்க இருக்கும்போது ஓட்டல்ல தங்குறதா? ஊர்ல எங்களப் பத்தி என்ன பேசுவாங்க?" என்று போன் வரும். உருகிவிடாதீர்கள். அடுத்த வாரம் அதே எண்ணிலிருந்து பட்டியல் வரும்: இட்லிப் பொடி, வத்தல் வடகம், பாப்பாவுக்குப் பட்டுப்பாவாடை, மிக்ஸிக்கு ஒரு ஜார், இடம் இருந்தால் 'சின்னதா' ஒரு குத்துவிளக்கு. இலவச அறையின் வாடகை மீனம்பாக்கம் எடைமேடையில் வசூலாகும். ஜார் நுழைய இடம் வேண்டுமென்று நீங்கள் எடுத்துவைக்கும் முதல் பொருள் உங்கள் ஸ்வெட்டராகத்தான் இருக்கும்.

அங்கே போனபின் இரண்டு நாள் நீங்கள் விருந்தாளி. மூன்றாம் நாளிலிருந்து வீட்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட, பாப்பாவைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது சித்தப்பாவின் பொறுப்பு, சமையலறை சித்தியின் பொறுப்பு. ஓபரா ஹவுஸ் சனிக்கிழமை. அதுவும் மளிகை வாங்கி முடிந்து வெளிச்சம் மிச்சமிருந்தால். ஆகவே பாதி நாள் ஓட்டல், பாதி நாள் உறவு என்று முன்கூட்டியே பிரித்துச் சொல்லிவிடுங்கள். வரிசை முக்கியம்: ஓட்டல் முதலில். உறவு முதலில் என்றால் அங்கிருந்து விடுதலை கிடைக்காது. ஓட்டல் முதலில் என்றால் வேறொரு ஆபத்து, பாப்பா வீட்டுக்குப் போகும் முன்பே இட்லிப் பொடி பாதி காலியாகியிருக்கும்.

விசா கைக்கு வரும் முன் பணம் கட்டி அறை எடுக்காதீர்கள். ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாகப் பார்த்துக் குறித்துவைத்தால் போதும். வங்கிக் கணக்குக்கு அலங்காரமும் வேண்டாம். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் மச்சான் புண்ணியத்தில் வந்து குதித்த மூன்று லட்சத்தை, எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தெரிந்தவர்கள்தான் விசா கொடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மாதம் பார்த்துப் போங்கள். டிசம்பர் 31 இரவு துறைமுகப் பாலத்தில் வாணவேடிக்கை, அது முடிந்த கையோடு புத்தாண்டு டெஸ்ட் மேட்ச். அந்த வாரத்தில் சிட்னி அறை வாடகையைக் கேட்டால் வேடிக்கை பார்க்கும் ஆசையே போய்விடும். விலை இறங்குவது குளிர்காலத்தில். அங்கே குளிர்காலம் என்பது ஜூன், ஜூலை, ஆகஸ்ட். மே கடைசியிலும் ஜூனிலும் 'விவிட்' என்று ஊரெங்கும் விளக்குத் திருவிழா நடத்துவார்கள், அந்த வாரங்களைத் தாண்டிப் போங்கள். ஜூலை இரவில் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும். மார்கழி பஜனைக்கே மப்ளர் சுற்றும் நமக்கு, வீட்டில் விட்டுவந்த ஸ்வெட்டர் அப்போது நினைவுக்கு வரும்.

இனி அறை தேடுவது. இந்த விஷயத்தில் செவ்வாப்பேட்டைக்காரருக்கு எவரும் பாடம் நடத்தத் தேவையில்லை. வேப்பம்பட்டுக்கும் புட்லூருக்கும் இடையே மனை வாங்கிய எவரும் "ஸ்டேஷனிலிருந்து 5 நிமிடம்" என்ற நோட்டீஸைப் படித்தே வளர்ந்தவர். அந்த ஐந்து நிமிடம் நடந்தா, பைக்கிலா, கேட் திறந்திருக்கும்போதா, மழை பெய்யாதபோதா என்று அனுபவத்தில் தெரிந்துகொண்டவர். "நகர மையத்துக்கு மிக அருகில்" என்று சிட்னி ஓட்டல் எழுதுவதும் அதே மனை நோட்டீஸ்தான், காகிதம்தான் வழவழப்பு. "துறைமுகம் பகுதியளவு தெரியும்" என்றால் குளியலறை ஜன்னலில் எக்கி நின்றால் தெரியும். "வசதியான அளவுள்ள அறை" என்றால் பெட்டியைத் திறக்க ஒருவர் கட்டிலில் ஏற வேண்டும். "துடிப்பான சூழல்" என்றால் தூங்க முடியாது. வரைபடத்தைத் திறந்து, ஓட்டலிலிருந்து ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தை நீங்களே அளந்து பாருங்கள். மனை வாங்கியபோது செய்யாததை இப்போதாவது செய்யுங்கள்.

வாடகைக்குப் பதில் ரயிலில் நேரத்தைக் கொடுப்பது நம் ஊர்க்காரரின் பிறவிக் கலை. அண்ணா நகரில் முடியாததால் அம்பத்தூர், அங்கும் முடியாததால் ஆவடி, கடைசியில் செவ்வாப்பேட்டை ரோடு என்று வந்து சேர்ந்தவர்கள் நாம். அதே கணக்கை அங்கேயும் போடுங்கள். துறைமுகத்தை ஒட்டி இருப்பதைவிட பாரமட்டா பக்கம் அறை மலிவு. ரயிலில் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. அடுத்த நிலையம் ஹாரிஸ் பார்க். இறங்கினால் விக்ரம் தெரு முழுக்க நம்மவர் கடைகள், தோசை உண்டு. ஒரு மாலை பாரமட்டாவிலிருந்து படகில் போய்ப் பாருங்கள். ரயிலுக்குத் தட்டும் அதே அட்டையைத் தட்டினால் போதும், ஆற்றோடு போய், 1932-இல் திறந்த துறைமுகப் பாலத்துக்கு அடியில் புகுந்து, ஓபரா ஹவுஸ் பக்கத்தில் இறக்கிவிடும். இதே காட்சியைச் சுற்றுலாப் படகில் பார்க்கப் பல மடங்கு பணம் வாங்குகிறார்கள். அட்டைக்குத் தினசரி உச்சவரம்பு ஒன்று உண்டு. அதைத் தாண்டினால் மேற்கொண்டு பிடிப்பதில்லை. வெள்ளி, சனி, ஞாயிறில் வரம்பு இன்னும் குறைவு. ஊர் சுற்றுவதை அந்த மூன்று நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

விமான நிலையத்தில் இரண்டு கண்டங்கள் உண்டு. முதலாவது, பூ. 2025-இல் நடிகை நவ்யா நாயர் மெல்போர்னில் ஓணம் விழாவுக்குப் போனபோது கைப்பையில் சாண் நீள மல்லிகைச் சரம் வைத்திருந்தார். அபராதம் 1,980 டாலர், நம் பணத்தில் லட்சத்துக்கு மேல். அவ்வளவு விலைக்குத் திருமழிசைப் பக்கம் ஒரு பூந்தோட்டத்தையே குத்தகை பேசலாம். ஆகவே புட்லூர் அம்மன் கோயில் எலுமிச்சம்பழம், வேப்பிலை, வீட்டுக் கறிவேப்பிலை எல்லாவற்றையும் கண்ணில் ஒற்றி ஊரிலேயே விட்டுவிடுங்கள். பொடி, ஊறுகாய் என்று மிச்சமிருக்கும் சாப்பாட்டுப் பொருள் எதுவானாலும் இறங்குமுன் தரும் அட்டையில் 'உண்டு' என்று எழுதிக் காட்டுங்கள். எழுதிக் காட்டியதற்கு அபராதம் இல்லை. கூடாத பொருளென்றால் வாங்கிப் போட்டுவிடுவார்கள், அவ்வளவே. மறைப்பதுதான் குற்றம். "ஒண்ணுமில்லன்னு டிக் பண்ணிடுங்க, யார் பாக்கப் போறாங்க" என்று வீட்டுக்காரம்மா சொல்வார். அங்கே பார்ப்பதற்கென்றே நாய் இருக்கிறது.

இரண்டாவது, ரயில். விமான நிலைய ரயில் தடம் 2000-ஆம் ஆண்டு ஒலிம்பிக்ஸுக்காகத் தனியார் கூட்டில் போட்டது. அந்த நிலையத்தில் ஏறினாலும் இறங்கினாலும் டிக்கெட்டுக்கு மேல் தனியாக 17 டாலருக்கு மேல் நிலையக் கட்டணம். டாலரை 60 ரூபாய் என்று வைத்தால் ஆயிரத்துச் சொச்சம். செவ்வாப்பேட்டை ரோட்டிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு 10 ரூபாய் டிக்கெட்டில் போகிற மனுஷனுக்கு இது ஐம்பது தடவை போய்வரும் காசு. ஆனால் பக்கத்து நிலையமான மாஸ்காட்டில் இந்தக் கட்டணத்தை 2011-லேயே எடுத்துவிட்டார்கள். 420-ஆம் எண் பேருந்தில் மாஸ்காட் போய், அங்கிருந்து ரயில் ஏறுங்கள். முப்பது கிலோ பெட்டி, குத்துவிளக்கு, தூக்கமில்லாத மனைவி ஆகியோருடன் பேருந்து மாறுவது சிக்கனமா என்பதை அவர் முகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். எதில் ஏறினாலும் இறங்கவேண்டிய இடத்தின் பெயர் சென்ட்ரல்தான், அந்த மட்டில் ஆறுதல்.

சிங்கப்பூர் வழியாக வரும் விமானங்கள் பல விடியற்காலையில் கொண்டுவந்து இறக்கும். அறை கொடுப்பதோ மதியம் இரண்டு மணிக்கு. "ரூம் காலியாத்தானே இருக்கு, குடுத்துடுங்க தம்பி" என்பது அங்கே செல்லாது. பெட்டியை முன்கூடத்தில் வைத்துவிட்டு ஊர் சுற்றப் போங்கள். கார்டில் ஒரு முன்பணத்தைத் தடுத்து வைப்பார்கள், பதறவேண்டாம், பிடித்துக்கொள்ளவில்லை. கார்டில் கட்டினால் அதற்கென்று ஒன்றரை சதவீதம் போலக் கூடுதலாகக் கேட்டால், அது பிடித்துக்கொள்வதுதான்.

தனி அறை கட்டுப்படியாகாதவருக்குப் பொது அறைக் கட்டில் இருக்கிறது. அடுக்குக் கட்டில், ஆறு பேர், எட்டு பேர். அமாவாசைக்கு முந்தின இரவு வீரராகவர் கோயில் பக்கம் துண்டு விரித்துப் படுத்தவர்களுக்கு இது அரண்மனை. மேல் பெர்த்தா கீழ் பெர்த்தா என்று மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். மூத்த குடிமகன் ஒதுக்கீடு கிடையாது. 'மிக்ஸ்டு' என்றிருந்தால் ஆண் பெண் எல்லாரும் ஒரே அறை, வீட்டில் சொல்லிவிட்டுப் பணம் கட்டுங்கள். சென்ட்ரல் நிலையத்தை ஒட்டிய பழைய பார்சல் கிடங்கில் ரயில் பெட்டி உருவில் அறைகள் வைத்து ஒரு விடுதி நடந்தது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் ரயிலில் தூங்கக் காசு கொடுத்தார்கள். நாம் சீசன் டிக்கெட்டில் நின்றுகொண்டே தூங்குகிறோம்.

விடுதியின் உண்மையான வரவு சமையலறை. அடுப்பு, பாத்திரம், குளிர்பெட்டி எல்லாம் பொது. பொருளைப் பையில் கட்டி, பெயரும் கிளம்பும் தேதியும் எழுதி வைக்க வேண்டும். எழுதாத பை குப்பைக்குப் போகும். ஒரு மூலையில் 'இலவசம்' என்று ஒரு தட்டு இருக்கும். ஊருக்குக் கிளம்புகிறவர்கள் மிச்சத்தை விட்டுப்போகும் இடம். அரை பாக்கெட் அரிசி, கால் புட்டி எண்ணெய், யாரோ பாதி தின்ற ரொட்டி, பத்துப் பேர் விட்டுப்போன பத்து உப்பு. காலையில் முதல் ஆளாகப் போனால் வெங்காயம்கூடக் கிடைக்கும். இங்கே சித்திக்கு ஒரே ஒரு எச்சரிக்கை: தாளிக்கும்போது எண்ணெயைப் புகையவிடக் கூடாது. கடுகு பொரிந்து காய்ந்த மிளகாய் கறுத்தால் நமக்குத் தும்மல் வரும், அங்கே தீயணைப்பு வண்டி வரும். பொய் அலாரத்துக்கு ஆயிரம் டாலருக்கு மேல் தீட்டுகிறார்கள், ஓட்டல்காரர் அதை உங்கள் தலையில்தான் கட்டுவார். ஊதுவத்தி, சாம்பிராணி இரண்டும் இதே சட்டத்தின் கீழ் வரும். ரசத்தைத் தாளிக்காமல் குடிக்கலாம். குடித்தவர்கள் இருக்கிறார்கள்.

பிளாஸ்டிக் மக் ஒன்று பெட்டியில் இருக்கட்டும். காரணம் எழுதத் தேவையில்லை. குடிக்கிற தண்ணீருக்குக் குழாயைத் திறந்தால் போதும். வாரக்ராம்பா அணைத் தண்ணீர், கேன்காரருக்குப் போன் போட வேண்டாம். பிளக்கின் கம்பிகள் அங்கே சாய்ந்திருக்கும், அதற்கான அடாப்டரைப் பாரிமுனையிலேயே வாங்கிவிடுங்கள்.

தனி அறையும் வேண்டும், காசும் குறைய வேண்டும் என்பவர்கள் மதுக்கூட மாடி அறைகளைப் பார்க்கலாம். முன்பு அங்கே சாராய உரிமம் வாங்க சில அறைகள் வாடகைக்கு வைத்திருக்க வேண்டும் என்ற விதி இருந்ததால், பழைய மதுக்கூடங்கள் பலவற்றில் மாடியில் அறைகள் மிச்சம். குளியலறை பெரும்பாலும் பொது. 1916 முதல் 1955 வரை மாலை ஆறு மணிக்கே கடையைச் சாத்தியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் போயிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். இப்போது வெள்ளிக்கிழமை இரவில் கீழே நடக்கும் பாட்டுக் கச்சேரிக்கும் சேர்த்துத்தான் வாடகை என்று எண்ணிக்கொள்ளுங்கள். உறவுக்காரரிடம் முகவரி சொல்லும்போது கடையின் பெயரைத் தவிர்த்து, தெருவின் பெயரோடு நிறுத்துவது குடும்ப கௌரவத்துக்கு நல்லது.

காலி செய்வது காலை பத்து மணி. பத்தேகாலுக்கு அரை நாள் வாடகை கேட்பார்கள். விமானம் ராத்திரி என்றால் பெட்டியை மறுபடி முன்கூடத்தில் விட்டுவிட்டு, மேய்ஸ் ஹில்லில் ஈழத்தமிழர்கள் முன்னின்று எழுப்பிய முருகன் கோயிலுக்குப் போய்வாருங்கள். வார இறுதியென்றால் கேன்டீனில் சாப்பாட்டையும் முடித்துக்கொள்ளலாம். தடுத்து வைத்த முன்பணம் ஊர் திரும்பிச் சில நாளில் கணக்குக்குத் திரும்பும். அதற்குள் டாலர் ஏறியோ இறங்கியோ இருக்குமாதலால் நாலைந்து நூறு கூடவோ குறையவோ வரலாம். கூட வந்தால், ஓட்டலில் தங்கிப் பணம் சம்பாதித்ததாக டூங்காபிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள்.