சைபீரியா பெரியப்பா

அரையாண்டு விடுமுறை விட்டால் போதும், குடும்பத்தில் ஒருவருக்கு இயற்கைமேல் பாசம் பொங்கிவிடும். "பிள்ளைங்க ராத்திரி பகலா போனையே நோண்டுதுங்க. வேடந்தாங்கல் போறோம்" என்று வாட்ஸப் குழுவில் உத்தரவு வரும். எங்கள் வீட்டில் அது பெரியப்பா. அவர் இல்லையென்றால் யாரும் சோபாவை விட்டு எழமாட்டோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

விடிகாலையில் ஏரிக்கரையில் நிற்பதுதான் திட்டம். பறவைகள் இரைக்குக் கிளம்பும் நேரம். ஆனால் மேல்மருவத்தூர் பக்கம் வேன் வரும்போது மணி பத்து. வழியில் இட்லியும் இரண்டு ரவுண்டு காபியும் இருந்தன அல்லவா! வெயில் சுள்ளென்று அடிக்க, "மார்கழிப் பனி ஆகாது" என்று பெரியப்பா மங்கி குல்லாயோடு இறங்கினார். பைனாகுலர் அவர் கழுத்தை விட்டு இறங்காது. பிள்ளைகள் கை பட்டால் கெட்டுவிடுமாம்.

கரைமேல் நடை சுகம். பாட்டியும் நடக்கலாம், பால்குடியும் நடக்கலாம். கடம்ப மரங்கள் தண்ணீருக்குள் நிற்க, அவற்றின்மேல் ஒரே சந்தைக்கடை.

"அதோ கூழைக்கடா, சைபீரியாவிலிருந்து வருது." நீர்க்காகம்? சைபீரியா. மஞ்சள்மூக்கு நாரை? அதுவும் சைபீரியா. வேலியில் உட்கார்ந்திருந்த அண்டங்காக்கைக்குக்கூட அன்று சைபீரியக் குடியுரிமை கிடைத்தது. இங்கே கூடு கட்டும் நாரைகளும் கூழைக்கடாக்களும் பெரும்பாலும் நம் துணைக்கண்டத்தவைதாம். நிஜமாகவே வடக்குக் குளிருக்குத் தப்பி வரும் நீலச்சிறகிகள் ஓரமாக மிதந்துகொண்டிருந்தன. அவற்றைக் காட்டிப் பிள்ளைகளில் சின்னவள் கேட்டதற்கு, "அது நம்ம ஊர் வாத்தும்மா. முட்டைக்கு வளர்க்கிறாங்க" என்றார்.

நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் இடைவெளி விட்டிருக்கும். குஞ்சுக்கு அது கிடையாது. வளர வளரத்தான் வரும். நத்தை பிடிக்கத் தோது. பெரியப்பா உற்றுப் பார்த்துவிட்டு, "கால்சியம் குறைச்சல். பால் குடிக்காட்டி இப்படித்தான்" என்று சின்னவளை முறைத்தார்.

பறவைகளைவிட எனக்குப் பிடித்தது அந்த ஊரார்தான். எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று கண்டுகொண்டு, வேட்டைக்காரர்களை எதிர்த்து மனுப்போட்டு, 1798-இல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் எழுத்தாகவே பாதுகாப்பு வாங்கியவர்கள். தீபாவளிக்கும் வெடி வெடிக்காத ஊர். அங்கே நின்றுகொண்டுதான், "யாரும் சத்தம் போடாதீங்க!" என்று பெரியப்பா ஒரு குரல் கொடுத்தார். நாலைந்து மரம் காலியானது.

பெரியம்மா அதுவரை வாய் திறக்கவில்லை. வழியிலிருந்த தகவல் பலகையை நிதானமாகப் படித்துவிட்டு வந்தார்.

"என்னங்க, நாரையெல்லாம் இந்த நாட்டுப் பறவைன்னுல்ல எழுதியிருக்கு?"

"போர்டு எழுதினவன் சைபீரியாவைப் பார்த்திருக்கானா?"

"நீங்க பார்த்திருக்கீங்களா?"

"எல்லாரும் வேன்ல ஏறுங்க. புளியோதரை ஆறுது."

கட்டும்போதே ஆறிப்போன புளியோதரை அது.