பிரெஞ்சுக்காரன் விட்டுட்டுப் போன வண்டி

ஒரு லட்சத்து அறுபதாயிரமாம். காரைக்கால் பக்கம் கோட்டுச்சேரியில் ஒரு வீட்டுக் கொல்லையில், தார்ப்பாய்க்கும் கோழிக்கூண்டுக்கும் நடுவில் கிடந்த லாம்பிரட்டா ஸ்கூட்டருக்கு அந்தப் பையன் சொன்ன விலை. சொல்லிவிட்டு, "உங்களுக்காகச் சொல்றேன் சார், வேற ஆளுன்னா ரெண்டுக்குக் கீழே எறங்க மாட்டேன்" என்று வேறு சேர்த்துக்கொண்டான். அவனை எனக்கு முன்பின் தெரியாது. அவனுக்கும் என்னைத் தெரியாது. தெரியாத ஆளுக்கே நாற்பதாயிரம் தள்ளுபடி என்றால், நாலு நாள் பழகிவிட்டுப் போய்க் கேட்டிருக்கலாம்.

வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். பழைய இத்தாலிய வண்டிக்கு நியாயமான விலையைக் கணக்குப் போட என்னிடம் ஒரு முறை இருக்கிறது. கட்டுரை முடிவதற்குள் அதைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் இரண்டொரு விஷயம்.

இத்தாலிய வண்டி என்றதும் டுகாட்டி, மோட்டோ குஸி என்று கண்ணை மூடிக் கனவு காண்கிறவர்கள் பக்கத்தைத் திருப்பிவிடலாம். கடைமடைக்காரனுக்கு இத்தாலி என்றால் லாம்பிரட்டா, வெஸ்பா இரண்டுதான். காவிரியே எல்லா ஊருக்கும் பாய்ந்து மிச்சம் மீதிதான் இங்கே வந்து சேரும். இத்தாலியும் அப்படி மிலானில் கிளம்பி, பம்பாயில் தேங்கி, மெதுவாக வந்து சேர்ந்தது. குழாய் செய்து பிழைத்த இன்னொசென்டி கம்பெனி 1947-ல் லாம்பிரட்டாவைக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய வருஷமே பியாஜியோவின் வெஸ்பா வந்துவிட்டது. வெஸ்பாவை வரைந்த கொர்ராதீனோ தாஸ்கானியோ விமானப் பொறியாளர். மோட்டார் சைக்கிள் என்றாலே அவருக்கு ஆகாது. விமானச் சக்கரத்தை மாட்டுகிற மாதிரி முன் சக்கரத்தை ஒரே பக்கத்தில் பிடித்து மாட்டிவிட்டார். பிடிக்காமல் ஒருவர் செய்த காரியத்துக்குத்தான் இன்றைக்கு இத்தனை கிராக்கி.

நிற்க. பையனுக்கு வருவோம்.

"இது சாதாரண வண்டி இல்ல சார். பிரெஞ்சுக்காரன் விட்டுட்டுப் போனது."

இதைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரைக்காலில் எவன் எந்தப் பழைய சாமானை விற்றாலும் அது பிரெஞ்சுக்காரன் விட்டுட்டுப் போனதுதான். சுவர்க் கடிகாரம், அவன் விட்டுட்டுப் போனது. ஈட்டி மரத்து நாற்காலி, அவன் விட்டுட்டுப் போனது. கட்டில், கண்ணாடி பீரோ, தொங்கு விளக்கு, பீங்கான் தொட்டி, எல்லாம் அவன் விட்டுட்டுப் போனது. ஒருவர் என்னிடம் பித்தளைப் பூட்டு ஒன்றைக் காட்டி அதையே சொன்னார். சாவி எங்கே என்றேன். சாவியை மட்டும் கையோடு கொண்டுபோய்விட்டானாம். திருமலைராயன்பட்டினத்தில் ஓர் அம்மியைக் கூட இந்தக் கணக்கில்தான் விலை சொன்னார்கள். துரை அதில் என்ன அரைத்தார், துவையலா, மசாலாவா என்று கேட்டேன். கேட்டதில் அவர்களுக்கு வருத்தம்.

உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் தலை சுற்றுகிறது. இந்த ஊரில் இருந்த வெள்ளைக்காரத் துரைமார்களே கொஞ்சம் பேர்தான். விற்பனைக்கு வந்திருக்கிற நாற்காலிகளையெல்லாம் அவர்களுக்குப் பங்கு போட்டால் தலைக்கு முந்நூறு வரும். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒன்றில் உட்கார்ந்து, எழுந்து, அடுத்ததில் உட்கார்ந்து என்று போனால்தான் நிர்வாகம் நடந்திருக்கும். கடிகாரம் ஒரு வீட்டுக்கு எழுபது தேறும். எழுபது கடிகாரம் அடித்தும் கிளம்புகிற நேரம் தெரியாமல், இங்கிலீஷ்காரன் 1947-லேயே மூட்டை கட்டிய பிறகும் இவன் 1954 நவம்பர் 1 வரை இருந்திருக்கிறான். ஒருவழியாக அன்றைக்கு நிர்வாகத்தைக் கொடுத்தான். சட்டப்படி முழுசாக மாற்றிக் கொடுக்க 1962 ஆகஸ்ட் 16 ஆகிவிட்டது. நடுவில் எட்டு வருஷம் என்ன நடந்தது என்று சரித்திரப் பேராசிரியர்கள் என்னென்னவோ சொல்கிறார்கள். எனக்குச் சந்தேகமே இல்லை. விட்டுவிட்டுப் போகிற சாமான்களை உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள்.

போகிறபோது அவன் கையில் என்னதான் இருந்திருக்கும்? ஒரு பூட்டுச் சாவி. வேறு ஒன்றும் இருக்க வழியில்லை. கட்டின துணி கூட இங்கேதான் இருக்கிறது. திருநள்ளாறு சாலைப் பக்கம் ஒருவர் துரை போட்ட கோட்டு என்று ஒன்றை வைத்திருக்கிறார், அவருக்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. இன்னும் விசேஷம், இப்போது இதையெல்லாம் வாங்குகிறவர்கள் யார்? பாரிஸிலிருந்து ஜூலை, ஆகஸ்டில் லீவுக்கு வருகிற நம் வீட்டுப் பிள்ளைகள். பிரெஞ்சுக்காரன் விட்டுட்டுப் போனதை, பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கிற நம் பிள்ளைகள், யூரோ கொடுத்து வாங்கி, கப்பலில் ஏற்றி, பிரெஞ்சுக்காரனிடமே கொண்டுபோய் வைக்கிறார்கள். நடுவில் எழுபது வருஷம் காவல் காத்ததற்கு நமக்குக் கிடைத்தது விலைவாசி.

"புக்கைக் காட்டு தம்பி" என்றேன்.

புக் இருந்தது. அதில் தயாரிப்பு ஆண்டு 1974 என்று இருந்தது. பம்பாயில் ஆட்டோமொபைல் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா செய்த வண்டி. முகப்பு விளக்கு ஹேண்டில்பாரோடு சேர்ந்து திரும்புகிற இந்த மாதிரி, இத்தாலியிலேயே 1959-ல்தான் வந்தது. ஆக, 1954-ல் கிளம்பிய துரை, ஐந்து வருஷம் கழித்து மிலானில் பிறக்கப்போகிற மாடலை, இருபது வருஷம் கழித்து பம்பாயில் செய்யவிருந்த வண்டியாகப் பார்த்து, கோட்டுச்சேரிக் கொல்லையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

இதைப் பையனிடம் எடுத்துச் சொன்னேன். "புக்ல தப்பா போட்டிருப்பாங்க சார்" என்றான். அடுத்த மூச்சிலேயே, "1974ன்னா அம்பது வருஷம் தாண்டிருச்சுல்ல? அப்ப வின்டேஜ் சார்!" என்றான். தப்பாகப் போட்ட வருஷத்துக்கும் சேர்த்துத்தான் விலை.

ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்று இந்த ஊரில் துருவிக் கேட்டவர் காரைக்கால் அம்மையாரின் கணவர் பரமதத்தன். ஒரு மாம்பழத்துக்காகக் கேட்டார். உண்மையான பதில் கிடைத்ததும் கப்பலேறி ஊரை விட்டே போய்விட்டார். வருஷா வருஷம் மாங்கனித் திருவிழாவில் மாம்பழம் பிடிக்க முண்டியடிக்கிற நமக்கு அந்தப் பாடம் ஏறவில்லை.

வின்டேஜ் சமாசாரத்தையும் சொல்லிவிடுகிறேன். 2021-ல் மத்திய அரசு விதி போட்டது. முதல் பதிவு நடந்து ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிக்கு, வி.ஏ. எழுத்துப் போட்ட தனி நம்பர் வாங்கலாம், புதுப் பதிவுக்குக் கட்டணம் இருபதாயிரம் ரூபாய். வாங்கிய பிறகு அன்றாட வேலைக்கு எடுக்கக் கூடாது. கண்காட்சிக்குப் போகலாம், ஊர்வலம் போகலாம், பெட்ரோல் போடப் போகலாம். நான் ஸ்கூட்டர் தேடியது காலையில் மீன் வாங்கப் போக. கண்காட்சி நடக்கிற மைதானத்தில் வஞ்சிரம் விற்றால் ஒழிய எனக்கு அந்த நம்பரால் பிரயோஜனம் இல்லை.

கூட வந்த மெக்கானிக் பாய் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. குந்தி உட்கார்ந்து அடிப்பாகத்தைத் தடவிக்கொண்டிருந்தார். இந்த விஷயத்தில் உலகத்தில் நான் நம்புகிற ஒரே ஆள் அவர்தான். கடல் காற்றில் வெஸ்பாவை விட லாம்பிரட்டா பரவாயில்லை என்பது அவர் கட்சி. வெஸ்பாவுக்கு எலும்புக்கூடே கிடையாது, தகட்டு உடம்புதான் சட்டம். கால் வைக்கிற தளத்தில் உப்பு ஏறித் துருப்பிடித்தால் வண்டியின் உயிரே போச்சு. லாம்பிரட்டாவில் நடுவே தடிக் குழாய் ஓடுகிறது, தகடுகளைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குழாயைப் பார்க்கலாம். என்ஜினும் நடுவிலேயே உட்கார்ந்திருப்பதால் வெஸ்பா மாதிரி வலது பக்கம் இழுக்காது. குழாய் நேராக இருந்து, என்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் புக்கோடு ஒத்துப்போனால் மேலே பேசலாம். மற்றதெல்லாம் பெயிண்ட் என்பார்.

பெயிண்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கக் காந்தம் கொண்டுபோயிருந்தேன். இரும்பில் ஒட்டும், பட்டி பூசி மறைத்த இடத்தில் ஒட்டாது. பிரிட்ஜில் ஒட்டியிருந்ததைத்தான் எடுத்துப் போனேன், பாரிஸ் மச்சான் கொடுத்த ஈஃபிள் கோபுரம். முன் தகட்டில் வைத்தேன், விழுந்தது. பின் மூடியில் வைத்தேன், விழுந்தது. பிரெஞ்சுக்காரன் விட்டுட்டுப் போன வண்டியில் ஈஃபிள் கோபுரமே நிற்க மாட்டேன் என்கிறது. பாய் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "குழா நல்லாருக்கு சார். வண்டிதான் இல்ல" என்றார். கிக்கரை உதைக்கவே இல்லை. உதைத்தால் பையன் ஐயாயிரம் ஏற்றுவான் என்பது அவர் அனுபவம்.

இவ்வளவு பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தால் தெரு சும்மா விடுமா? "அண்ணே, எவ்வளவு சொன்னான்?" சொன்னேன். "போன வருஷம் இதே வண்டி நாகூர்ல பதினஞ்சாயிரத்துக்குப் போச்சு." இந்த நாகூர் வண்டியை எனக்கு நெடுநாளாகத் தெரியும். நான் பீரோ வாங்கினால் பீரோவாகவும், மனை வாங்கினால் மனையாகவும் வந்து, நான் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குக்கு விற்றுப் போகும். விற்றவனையும் வாங்கினவனையும் கண்டவர் கிடையாது. விலை சொல்கிற இவர்கள் ஒருவராவது ஒரு வண்டி வாங்கினதும் கிடையாது. இன்னொருவர், புதுச்சேரியில் ஒரு காபிக் கடை வாசலில் இதே மாடல் நிற்கிறது, லட்சத்துக்கு மேல் கொடுத்தார்கள் என்றார். நிற்கிறதுதான். கால் வைக்கிற இடத்தில் பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் நின்று போட்டோ பிடிக்கிறார்கள். சீட்டில் உட்காரப் போன என்னைக் கூப்பிட்டு, உட்காரக் கூடாது என்றார்கள். இதுதான் எனக்கு நிஜமாகவே ஆறவில்லை. ஓடுகிற வண்டிக்கு ஒரு விலை, ஓடாமல் பூந்தொட்டி சுமக்கிற வண்டிக்கு நாலு மடங்கு விலை என்றால், பாய் மாதிரி ஆட்கள் கற்ற வித்தையை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

அந்தக் காலத்தில் ஒழுங்காக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. 1960-லேயே ஸ்கூட்டர் விநியோகத்துக்கும் விற்பனைக்கும் அரசு கட்டுப்பாட்டு ஆணை போட்டது. பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். கல்யாணத்துக்குப் பதிந்த வண்டி பிள்ளை பள்ளிக்கூடம் போகிறபோது வந்து நின்ற கதை எல்லாக் குடும்பத்திலும் உண்டு. காத்திருக்க மாட்டாதவன் பழைய வண்டியைப் புதிய வண்டியின் விலைக்கு மேல் கொடுத்து வாங்கினான். பிறகு இத்தாலியில் இன்னொசென்டி லாம்பிரட்டாவையே கைவிட்டது. இயந்திரங்களை நம் அரசே வாங்கி, 1972-ல் லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியாவைத் தொடங்கி, விஜய் சூப்பர் என்று விட்டது. அதையும் இப்போது பெயர்ப்பட்டையை மாற்றி மிலான் சரக்கு என்று விற்கிறார்கள். பஜாஜ் சேத்தக்குக்கு வெஸ்பா பெயர் ஒட்டுவது அதைவிடச் சுலபம். அதன் உடம்பே வெஸ்பாவிடமிருந்து வந்ததுதான்.

விலை கணக்கிடும் முறையைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? சொல்ல ஆரம்பித்தால் என்ஜினுக்கு இவ்வளவு, புக்குக்கு இவ்வளவு, பட்டிக்குக் கழிவு இவ்வளவு என்று நீளும். அதைவிட அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது.

எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒரு லூனா நிற்கிறது. லூனாவை லேசாக எண்ண வேண்டாம். கைனடிக் கம்பெனி 1972-ல் அதைக் கொண்டுவந்தபோது பியாஜியோவின் சியாவோ மொபெட்டை வைத்துத்தான் செய்தது. வெஸ்பா பிறந்த அதே வீட்டுப் பெண். எங்கள் லூனாவுக்கு பெடல் இரண்டும் ஒரிஜினல், புக் என் பெயரில், பட்டி கிடையாது. காந்தம் கொண்டுவந்து எங்கே வேண்டுமானாலும் வைத்துப் பார்க்கலாம். வேண்டியவர்கள் நேரில் வரவும். "லாஸ்ட் எவ்வளவு?" என்று செய்தி மட்டும் அனுப்புகிறவர்களுக்குப் பதில் கிடையாது.