கயிறு கட்டி இழுக்கும் பலகை

கே: அடியில் நீருக்குள் இறக்கை (ஃபாயில்) பொருத்திய பலகையில் ஃபாயில் சர்ஃபிங் செய்பவரை குட்டி மோட்டார் பலகை ஒன்று கயிறு கட்டி இழுக்கிறதாமே! வீட்டிலேயே செய்ய முடியுமா?

ப: முடியும். 2000-களின் தொடக்கத்தில் ஹவாயில் அலைச்சறுக்கு வீரர் லேர்ட் ஹாமில்டன் ஃபாயிலில் ஏறியபோது, இழுக்க ஜெட் ஸ்கியும் அதை ஓட்ட ஓர் ஆளும் தேவைப்பட்டது. இப்போது நுரைப்பலகை, அடியில் பிரஷ்லெஸ் மோட்டார், நீர் புகாத பெட்டியில் லித்தியம் பேட்டரி, கையில் ரிமோட் போதும். பேட்டரி 'நாளைக்கு வர்றேன்' என்று கழன்றுகொள்ளாது, சார்ஜ் போட்டிருந்தால்!

கே: வழி முழுக்க இழுத்துக்கொண்டே போக வேண்டுமா?

ப: நீங்கள் நிற்கும் பலகை எழும்வரைதான் பாடு. நீருக்குள் இருக்கும் இறக்கையின் தூக்குவிசை, வேகம் 2 மடங்கானால் 4 மடங்காகும். பலகை நீரை விட்டு எழுந்ததும் தடை சட்டென்று குறையும். அலை கிடைத்ததும் கயிற்றை விட்டுவிடலாம். நன்றி சொல்ல வேண்டியதில்லை.

கே: சோதித்துப் பார்ப்பது எப்படி?

ப: முதலில் பேட்டரி இல்லாமல், பெட்டிக்குள் டிஷ்யூ பேப்பர் வைத்துத் தொட்டியில் அமுக்குங்கள். நனைந்தால் நஷ்டம் ஒரு பேப்பர்தான். ரிமோட்டின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீருக்குள் எடுபடாது. சிக்னல் அறுந்தால் மோட்டார் தானே நிற்கிறதா என்று பாருங்கள். இல்லையேல், உங்கள் சேமிப்பு கண்ணெதிரே அடிவானம் தாண்டும். புரொபெல்லருக்குக் கூண்டு கட்டாயம். மோட்டாருக்கு உதிரிபாகம் கடையில் கிடைக்கும், விரலுக்குக் கிடைக்காது.